காற்றின் மகள் காய்த்த திராட்சை

சிசிலித் தீவுக்கும் துனிசியக் கடற்கரைக்கும் நடுவே உள்ள நீரிணையில், 83 சதுர கிலோமீட்டர் பரப்பில் கருநிறப் பாறையாக எழுந்து நிற்கும் பான்டெல்லேரியா, ஆட்சிமுறையில் இத்தாலியின் டிராபனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், நில அமைப்பில் ஐரோப்பாவைவிட ஆப்பிரிக்காவுக்கே நெருங்கிய தீவாகும். துனிசியக் கரை அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சிசிலிக் கரையோ சுமார் 100 கிலோமீட்டர். கடலடியிலிருந்து வளர்ந்த ஓர் எரிமலையின் மேற்பகுதியே இத்தீவு; அதன் உச்சியான மொன்டானியா கிராண்டே 836 மீட்டர் உயரமுடையது; 1891ஆம் ஆண்டு தீவுக்கு வடமேற்கே கடலுக்கடியில் நிகழ்ந்த வெடிப்பே இங்கு கடைசியாகப் பதிவான எரிமலைச் சீற்றம். இங்கு விளையும் வெண்திராட்சையிலிருந்து ‘பாஸிட்டோ’ என்னும் இனிப்பு ஒயினும், அதே பழத்திலிருந்து இனிப்பில்லாத வெள்ளை ஒயினும் வடிக்கப்படுகின்றன. இத்தாலியின் தீவுகளுக்குப் பொதுவாகவே நல்ல வெள்ளை ஒயின்கள் உண்டு. சார்டீனியாவின் வெர்மென்டினோவும் லிப்பாரித் தீவுகளின் மல்வாசியாவும் அவ்வாறு பெயர் பெற்றவை. எனினும், ஒரு நிலத்தின் ஒயினும் அந்நிலத்தின் சமையலும் ஒரே காரணத்தால் உருவானவை என்பதைக் கண்ணெதிரே காட்டும் இடமாக பான்டெல்லேரியாவைப் போல் மற்றொன்றைச் சொல்வது கடினம். அந்தக் காரணம் காற்று.

வடமேற்கிலிருந்து ‘மயிஸ்த்ராலே’ என்னும் குளிர்ந்த காற்றும், தென்கிழக்கிலிருந்து சஹாராவின் அனலைச் சுமந்துவரும் ‘ஷிரொக்கோ’ என்னும் வெங்காற்றும் இத்தீவை ஆண்டின் பெரும்பகுதி அலைக்கழிக்கின்றன. அரேபியர் இத்தீவைக் ‘காற்றின் மகள்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர் என்பது தீவுமக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. காற்றைத் தடுத்து நிறுத்த இயலாது என்பதை உணர்ந்த மக்கள், அதற்குக் குனிந்து கொடுத்து வாழும் வகைகளைக் கண்டனர். எரிமலைக் கற்களை அடுக்கித் தடித்த சுவரெழுப்பி, மேலே குவிந்த கூரையிட்ட ‘தமுசோ’ என்னும் வீடுகளைக் கட்டினர். குடிநீர் அரிதான தீவில், அந்தக் கூரையின் வளைவுதான் மழைநீரை வழித்து நிலத்தடித் தொட்டிக்கு அனுப்புகிறது. ஆலிவ் மரங்களைக் கூட நிமிர விடாமல் கழித்துக் கழித்துத் தரையோடு படரவிட்டனர். எல்லாவற்றையும்விட வியப்பானது ‘ஜர்தீனோ பான்டெஸ்கோ’ எனப்படும் பான்டெல்லேரியாத் தோட்டம்: கூரையில்லாக் கோபுரம் போல வட்டமாக எழுப்பிய உயர்ந்த கற்சுவர், அதனுள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு ஆரஞ்சு மரம் அல்லது எலுமிச்சை மரம். ஒரு மரத்துக்காக ஒரு கோட்டை கட்டும் மக்கள் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நீர் குறைந்த நிலத்தில் சுவரின் நிழலும், இரவில் கல்லில் படியும் ஈரமும் அந்த ஒற்றை மரத்தைக் காக்கின்றன.

தீவாக இருந்தும் இதன் மக்கள் முதன்மையாக உழவர்களாகவே அறியப்படுகின்றனர். பாறைப்பாங்கான கரையும் ஓயாத காற்றும் கடல்தொழிலைக் கடினமாக்க, அவர்கள் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, மண்சாந்தின்றிக் கல்லை மட்டும் அடுக்கிய சுவர்களால் வயல்களைத் தாங்கி நிறுத்தினர். ஃபினீசியரும் கார்த்தேஜியரும் உரோமரும் ஆண்ட இத்தீவு, அரேபியர் கைக்கு வந்து, 1123இல் நார்மானியர் வசம் சென்றது; ஆனால் கம்மா, காதிர், ரெகாலே, புஜெபெர் என்று இன்றும் வழங்கும் ஊர்ப் பெயர்கள் அரபு மொழியின் ஆட்சி அங்கே முடியவில்லை என்பதைச் சொல்கின்றன. திராட்சையின் பெயரும் அவ்வாறே.

தீவின் திராட்சைக்கு ‘ஸிபிப்போ’ என்று பெயர். உலர்ந்த திராட்சையைக் குறிக்கும் ‘ஸபீப்’ என்னும் அரபுச் சொல்லே இதன் வேர். ஆக, பழத்தின் பெயரிலேயே அதை வெயிலில் காயவைத்து உண்ணும் வழக்கம் பொதிந்திருக்கிறது. உலகின் பிற பகுதிகளில் இதே இனம் ‘அலெக்சாந்திரியா மஸ்கட்’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. மஸ்கட் என்பது ஒரே பழமன்று. தனித்த நறுமணத்தால் இனங்காணப்படும் ஒரு பெருங்குடும்பம். இக்குடும்பத்துப் பழங்களில் லினலூல், ஜெரானியால் போன்ற ‘டெர்பீன்’ வகை மணப்பொருள்கள் மிகுதியாக உள்ளன. லினலூல்தான் கொத்தமல்லி விதையின் முதன்மையான மணப்பொருள். மல்லிகையிலும் ஆரஞ்சுப் பூவிலும் அதுவே கமழ்கிறது. ஜெரானியால் ரோஜாவின் மணத்தில் பங்குபெறுவது. பெரும்பாலான ஒயின்கள் நொதித்த பிறகு தம் மூலப்பழத்தின் மணத்தை இழந்து வேறு மணங்களைப் பெறுகையில், மஸ்கட் ஒயின் மட்டும் முகர்ந்த மாத்திரத்தில் திராட்சையை நினைவூட்டுவதற்கு இந்தப் பொருள்களே காரணம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஓர் உறவுமுறை உண்டு. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனம், ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த ‘ஸ்கியாவா கிரோசா’ என்னும் கருந்திராட்சைக்கும் அலெக்சாந்திரியா மஸ்கட்டுக்கும் பிறந்தது என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. பன்னீர் திராட்சையை வாயிலிட்டதும் எழும் அந்தப் பன்னீர் மணம், பான்டெல்லேரியாவின் ஸிபிப்போவிடமிருந்து வந்த பரம்பரைச் சொத்து போன்றது. ஆகவே, பாஸிட்டோவை ஒருபோதும் சுவைக்காத ஒருவர்கூட, கம்பத்துத் திராட்சையை உண்டிருந்தால், அதன் மணத்தில் ஒரு பகுதியை முன்பே அறிந்தவராகிறார்.

ஸிபிப்போவை வளர்க்கும் முறைதான் இத்தீவின் பெருமை. பிற நாடுகளில் திராட்சைக்கொடி பெரும்பாலும் பந்தலிலோ கம்பி வேலியிலோ ஏற்றப்படுகிறது. கம்பத்திலும் பந்தலே வழக்கம். பான்டெல்லேரியாவில் பந்தல் போட்டால் முதற் காற்றிலேயே கொடியும் காயும் சிதறிப்போகும். ஆகவே அங்கே கொடியை நடுமுன் நிலத்தில் கிண்ணம் போன்ற ஒரு குழி பறிக்கப்படுகிறது. கொடியின் தண்டு அந்தக் குழிக்குள், தரைமட்டத்துக்குக் கீழாகவே நிறுத்தப்படுகிறது. உயரவிடாமல் கவாத்து செய்யப்பட்ட குட்டையான தண்டிலிருந்து ஏறத்தாழ ஆறு கிளைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் சுற்றிலும் பரவ, செடி ஒரு சிறு புதர்போலத் தோன்றுகிறது. இத்தாலிய மொழியில் இதற்குச் ‘சிறு மரம்’ என்று பொருள்படும் ‘அல்பெரெல்லோ’ என்று பெயர். குழியின் விளிம்பு காற்றைத் தலைக்குமேல் செல்லவிடுகிறது. குழியின் அடி, அரிதாகப் பெய்யும் மழையையும் இரவில் இறங்கும் பனியீரத்தையும் பிடித்து வேருக்குக் கொடுக்கிறது. இலைகள் காய்களுக்குக் குடையாகின்றன. மழை, காற்று, களையெடுப்பு ஆகியவற்றால் குழியின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பதால், உழவர் அதை ஆண்டுதோறும் கைக்கருவி கொண்டு மீண்டும் மீண்டும் சீர்செய்ய வேண்டும். எந்திரம் நுழைய முடியாத படிக்கட்டு வயல்களில், முழந்தாள் உயரமே உள்ள செடிகளுக்கிடையே, நாள் முழுதும் முதுகு வளைத்துச் செய்யும் இவ்வேலையை இத்தாலியர் ‘வீரத் திராட்சை வேளாண்மை’ என்று அழைப்பது மிகையன்று.

இந்த அறிவு எந்தப் பள்ளியிலும் பாடமாக இருந்ததில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைக்கு, தீவின் வட்டாரப் பேச்சில், கொடியின் முன் நின்றவாறே கைமாறிவந்தது. 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் பான்டெல்லேரியாவின் அல்பெரெல்லோ முறையை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆடல்பாடல்களும் விழாக்களும் நிறைந்த ஒரு பட்டியலில், மண்ணைக் குழித்துக் கொடி நடும் உழவரின் கைத்திறன் இடம்பெற்றது பொருத்தமான மரியாதை. 2016இல் தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

பழம் பறிக்கும் காலம் வந்ததும் பாஸிட்டோ செய்யும் வேலை தொடங்குகிறது. ‘பாஸிட்டோ’ என்னும் சொல், வாடிய அல்லது உலர்ந்த பழத்திலிருந்து செய்யப்பட்ட ஒயினைக் குறிக்கும் பொதுப்பெயர். ஆகஸ்ட் மாதத்தில் கடலோரத் தாழ்நிலங்களில் முதலில் பழுக்கும் குலைகள் பறிக்கப்பட்டு, வெயில் நேராக விழும் களங்களில் விரிக்கப்படுகின்றன. அங்கே மூன்று நான்கு வாரங்கள் கிடக்கும் பழங்களை அவ்வப்போது கையால் புரட்டி, ஈரம் படியாதபடி மூடிவைத்துக் காக்கின்றனர். வெயிலும் காற்றும் சேர்ந்து நீரை உறிஞ்சிக்கொள்ள, பழம் தன் எடையில் பாதிக்கும் மேல் இழந்து, சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிந்த உலர்திராட்சையாகிறது. தீவுக்கு இதுவரை இடர் செய்துவந்த காற்று இந்த ஒரு வேலையில் உற்ற துணையாகிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இதே பழம் காய்வதற்கு முன் பூசணம் பிடித்துப்போகும்.

செப்டம்பர் மாதத்தில் மேட்டுநிலத்துப் பழங்கள் பறிக்கப்படும்போது அவை காயவைக்கப்படுவதில்லை, புதிதாகவே பிழியப்படுகின்றன. அந்தச் சாறு நொதிக்கத் தொடங்கியதும், அதாவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழச்சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கியதும், காம்பு நீக்கிய உலர்திராட்சைகள் சிறிது சிறிதாக அதில் சேர்க்கப்படுகின்றன. நொதிக்கும் சாற்றில் ஊறும் உலர்பழம் தன் சர்க்கரையையும் மணத்தையும் அதற்குள் விடுகிறது. சர்க்கரை கூடிக்கொண்டே போக, ஆல்கஹாலும் உயர, ஒரு கட்டத்தில் ஈஸ்டால் மேற்கொண்டு வேலை செய்ய முடியாமல் நொதித்தல் தானே அடங்குகிறது. எஞ்சுவது, ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹாலும், லிட்டருக்கு 100 கிராமுக்கு மேற்பட்ட இயற்கைச் சர்க்கரையும் கொண்ட பொன்னிறத் தேறல். வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கப்படுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இனிப்பு முழுவதும் வெயிலில் வற்றிய பழம் கொடுத்தது.

இம்முறையின் தொன்மை வியக்கத்தக்கது. கார்த்தேஜ் நகரத்தவரான மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய 28 நூல்களை, கி.மு. 146இல் அந்நகரம் அழிக்கப்பட்ட பிறகு, உரோமப் பேரவை இலத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தது. எதிரியின் நூலகத்திலிருந்து உரோமர் தமக்கென்று எடுத்துக்கொள்ள விரும்பிய அறிவு அது. மாகோவின் நூல் இன்று கிடைக்கவில்லை. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டின் உரோம வேளாண் ஆசிரியரான கொலுமெல்லா, உலர்திராட்சை ஒயின் செய்வதற்கு மாகோ தந்த குறிப்பைத் தம் நூலில் எடுத்துச் சேர்த்திருக்கிறார். நன்கு பழுத்த குலைகளைத் தேர்ந்து கெட்டவற்றைக் களைவது, தரைக்கு மேலே பரண் போல நாணற்பாய் அமைத்து வெயிலில் விரிப்பது, இரவில் பனி படாமல் மூடுவது, உலர்ந்த பழத்தை உதிர்த்துச் சாடியிலிட்டு நல்ல திராட்சைச் சாற்றில் மூழ்க ஊறவிடுவது, பின்னர் பிழிவது ஆகிய படிகள் அதில் சொல்லப்படுகின்றன. கார்த்தேஜின் ஆட்சிக்குட்பட்டிருந்த பான்டெல்லேரியாவில் இன்று நடப்பதும் சாரத்தில் இதுவே. இடைப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் முழுவதும் இந்த வழக்கம் அறுபடாமல் வந்ததா என்பதை நிறுவ ஆவணத் தொடர்ச்சி வேண்டும். ஆனால் கையின் அசைவுகள் ஒன்றாகவே இருக்கின்றன என்பதை மறுக்க இயலாது.

1971இல் இத்தாலிய அரசு இத்தீவின் ஒயினுக்குத் தோற்றக் கட்டுப்பாட்டுப் பெயரை வழங்கியது. நம் நாட்டுப் புவிசார் குறியீட்டைப் போல, குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட இனத்தில், குறிப்பிட்ட முறையில் செய்ததற்கே அப்பெயரைச் சூட்டலாம் என்னும் சட்டக்காப்பு அது. மார்க்கோ டி பார்த்தோலி 1980களில் வெளியிட்ட ‘புக்குராம்’, தொன்னாஃபுகாத்தா நிறுவனத்தின் ‘பென் ரியே’ ஆகியவை இத்தீவின் பாஸிட்டோவை உலகறியச் செய்தவை. ‘புக்குராம்’ என்பதற்குத் திராட்சைக்கொடியின் தந்தை என்றும், ‘பென் ரியே’ என்பதற்குக் காற்றின் மகன் என்றும் பொருள். இரண்டும் அரபு மூலத்தன.

கோப்பையில் ஊற்றிய பாஸிட்டோவில் உலர்ந்த பாதாமிப்பழம் எனப்படும் ஏப்ரிகாட், பேரீச்சை, அத்தி, தேன், ஆரஞ்சுத்தோல் ஆகியவற்றின் மணம் அடுத்தடுத்து எழும். இவ்வளவு இனிப்பும் திகட்டாமல் இருப்பதற்குப் பழத்தின் புளிப்பே காரணம்; பானகத்தில் வெல்லத்தை எலுமிச்சையோ புளியோ தாங்கிப் பிடிப்பதைப் போன்ற சமநிலை இது. புளிப்பு குன்றிய பாஸிட்டோ வெறும் பாகாகிவிடும். ஒரு தயாரிப்பாளரின் தேர்ச்சியை அளக்கும் கோல் இனிப்பின் மிகுதியாக இராமல், அந்த இனிப்பை அடக்கியாளும் புளிப்பாகவே இருக்க வேண்டும்.

இனி, உணவு. ஒயினுக்கு ஏற்ற உணவைத் தேர்வதைச் செல்வந்தர்களின் பகட்டு என்று கருதுவோர் உண்டு. ஆனால் வெண்பொங்கலுக்குக் கொத்சுவும், வற்றல் குழம்புக்குச் சுட்ட அப்பளமும் எப்படி அமைந்தனவோ அப்படியே, ஒரே நிலத்தில் வாழ்ந்தோர் தம்மிடம் இருந்தவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துப் பல தலைமுறைகளில் அடைந்த முடிவுகளே இப்பொருத்தங்கள். அவற்றின் பின்னால் நாக்கின் இயல்பு சார்ந்த சில காரணங்கள் உள்ளன. மிக இனிப்பான பலகாரத்தோடு அதைவிட இனிப்புக் குறைந்த ஒயினைக் குடித்தால் ஒயின் புளித்துச் சப்பென்றாகிவிடும். அல்வா தின்ற வாயில் தேநீர் சர்க்கரையற்றதாகத் தோன்றுவது இதனால்தான். உப்பு, இனிப்பைத் தூக்கிக் காட்டும். புளிப்பு, கொழுப்பின் வழவழப்பை நாவிலிருந்து கழுவும். மிளகாயின் காரத்தை ஆல்கஹால் மிகுவிக்கும், சர்க்கரையோ தணிக்கும்.

தீவின் சொந்தப் பலகாரமான ‘பாச்சி பான்டெஸ்கி’ இந்த விதிகளுக்கு நல்ல உரைகல். பெயருக்குப் ‘பான்டெல்லேரியா முத்தங்கள்’ என்று பொருள். பூவடிவான இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றி, மாவுக் கரைசலில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கிப் பொரித்தெடுக்கும் முறையைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் அச்சு முறுக்கு நினைவுக்கு வரும். செய்முறை ஏறக்குறைய அதுவே. வேறுபாடு, பொரித்த இரண்டு பூக்களுக்கு இடையே ‘ரிக்கோட்டா’வைச் சர்க்கரையோடு குழைத்து வைத்து மூடுவது. பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை மீண்டும் காய்ச்சித் திரட்டும் மென்மையான கட்டியே ரிக்கோட்டா. அதில் இனிப்பு மிதமாகவே இருக்கும். மொறுமொறுப்பு, எண்ணெய்ப் பண்டத்தின் கனம், பால்பொருளின் குளிர்மை ஆகிய மூன்றையும் பாஸிட்டோவின் புளிப்பும் மணமும் ஒருங்கே எதிர்கொள்கின்றன. பலகாரத்தைவிட ஒயின் இனிப்பானது என்பதால் எதுவும் மங்குவதில்லை. ரவையும் தேனும் மணப்பொருள்களும் சேர்ந்த ‘முஸ்தாத்சோலா’, சிசிலியின் பாதாம் பணியாரங்கள் ஆகியவையும் இவ்வாறு ஒத்துப்போகின்றன. பாகில் ஊறிய மிக இனிப்பான பண்டங்களும், குளிரில் நாக்கை மரக்கச் செய்யும் ஐஸ்கிரீமும் அத்தகைய பொருத்தம் உடையன அல்ல. சாக்லேட்டில் கசப்பு மிகுந்தது பொருந்தும். பால் கலந்தது பொருந்தாது.

இனிப்பு ஒயினை இனிப்போடு மட்டுமே வைப்பது அதன் பாதி அழகை வீணாக்குவது. நீலப் பூசணம் ஓடிய ‘கொர்கொன்சோலா’ போன்ற, உப்பும் காரமும் மிக்க முதிர்ந்த பாலாடைக்கட்டியின் ஒரு துண்டோடு பாஸிட்டோவைப் பருகும்போது, உப்பால் இனிப்பும் இனிப்பால் உப்பும் உயர்ந்து, தனித்தனியே இல்லாத ஒரு மூன்றாம் சுவை பிறக்கிறது. கொய்யாவிலும் மாங்காயிலும் உப்புத் தொட்டு உண்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாஸிட்டோவுக்கு ஆகச்சிறந்த துணை எது என்று கேட்டால், பலகாரங்களை விலக்கி, முதிர்ந்த உப்புப் பாலாடைக்கட்டியையே முதலில் சொல்ல வேண்டும்.

பான்டெல்லேரியாவின் உப்புச்சுவைக்குத் தலைமை தாங்குவது ‘கேப்பர்’ என்னும் மொட்டு. கற்சுவர் இடுக்குகளிலும் எரிமலைச் சரிவுகளிலும் நீரின்றியே தழைக்கும் இச்செடியின் விரியாத பூமொட்டுகளை, மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை, சில நாள்களுக்கு ஒருமுறை விடியற்காலையில் கையால் பறிக்கின்றனர். ஒருநாள் தவறினால் மொட்டு மலர்ந்துவிடும், மலர்ந்தது உதவாது. பறித்த மொட்டுகளைக் கடலுப்பில் ஊறவைத்து, வடியும் நீரை நீக்கி, மீண்டும் உப்பிட்டுப் பதப்படுத்துகின்றனர். 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பு இதற்குக் கிடைத்தது. தமிழ்நாட்டின் முட்புதர்க் காடுகளில் வளரும் ஆதொண்டையும் இதே ‘கப்பாரிஸ்’ பேரினத்தைச் சேர்ந்தது. அதன் காயை உப்பிட்டு வற்றலாக்கும் தமிழர் வழக்கமும், மொட்டை உப்பிட்டுக் காக்கும் தீவினர் வழக்கமும், வறண்ட நிலத்தார் இருவர் தனித்தனியே கண்ட ஒரே விடை.

கேப்பர் சேர்ந்த உணவுகளுக்கு இனிப்பு ஒயினைவிட, ஸிபிப்போவிலிருந்தே இனிப்பின்றி வடிக்கப்படும் வெள்ளை ஒயின் ஏற்றது. அதில் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிடுவதால், மூக்குக்கு மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும், நாக்குக்கு இனிப்பற்ற, சற்றே உவர்ப்பான முடிவும் கிடைக்கும். மணத்தை நம்பி இனிப்பை எதிர்பார்ப்பவர் முதல் மிடறில் திகைப்பார். தீவினர் நாள்தோறும் உண்ணும் உணவான ‘இன்சலாத்தா பான்டெஸ்கா’, வேகவைத்த உருளைக்கிழங்கு, தக்காளி, சிவப்பு வெங்காயம், ஆலிவ், கேப்பர், ஓரிகானோ இலை ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் பிரட்டிய எளிய கலவை. தக்காளியின் புளிப்பும் கேப்பரின் உப்பும் மென்மையான ஒயினை முறித்துப்போடக் கூடியவை. இந்த ஒயினிடம் தனக்கென்று புளிப்பும் மணமும் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. செந்நிறத் துவர்ப்பு ஒயின்கள் மீனோடு சேரும்போது வாயில் இரும்பின் சுவை தட்டுவதுண்டு. வெள்ளை ஒயினில் அந்தச் சுவை பெரும்பாலும் எழுவதில்லை என்பதால், சுட்ட மீனுக்கும் இறாலுக்கும் இதுவே தகும்.

அரேபியர் விட்டுச்சென்ற உணவான ‘கூஸ்கூஸ்’ இத்தீவின் விருந்துணவு. ரவையில் நீர் தெளித்து, புட்டுக்கு மாவு பிசிறுவதைப் போல் விரல்களால் பிசிறி உருட்டி, ஆவியில் அவித்து, மீன் குழம்பையும் காய்கறிகளையும் மேலே ஊற்றிப் பரிமாறுகின்றனர். கடலுக்கு அப்பால் துனிசியாவில் இறைச்சியோடும் மீனோடும் உண்ணப்படுவது, இத்தீவில் மீனோடு நிலைத்துவிட்டது. ரிக்கோட்டாவும் புதினாவும் அடைத்து அவித்த மாவுப்பண்டமான ‘ரவியோலி’யும் தீவின் சிறப்பே, புதினாவின் குளிர்ந்த மணமும் மஸ்கட்டின் பூமணமும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்பது, அங்கேயே பிறந்த பொருத்தம் என்பதற்குச் சான்று.

பாஸிட்டோவைப் பரிமாறுவதில் இரண்டு செய்திகளே முக்கியமானவை. அது 12 பாகை செல்சியசை ஒட்டிய குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அறைவெப்பத்தில் ஆல்கஹால் நெடியும் இனிப்பும் மேலோங்கிவிடும். சிறு கோப்பையில், அதிலும் பாதியளவே ஊற்றப்பட வேண்டும். இது தாகத்துக்குக் குடிக்கும் பானம் அன்று, உணவின் முடிவில் மெல்லச் சுவைப்பது. மதுவில் எந்த அளவும் உடலுக்கு முற்றிலும் தீங்கற்றது என்று கூற முடியாது என உலக நல்வாழ்வு நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மது அருந்தாதவர்க்கும் இத்தீவின் கதையில் கற்க நிறைய உண்டு. அல்பெரெல்லோவைப் போற்றுவதற்கு அதன் சாற்றைப் பருகியிருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த ஒயின் விலையுயர்ந்ததாக இருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டாம். கொடி குட்டையாக இருப்பதால் விளைச்சல் குறைவு. காயவைத்த பழத்தின் எடையிலும் பாதிக்கும் மேல் காற்றில் கரைந்துபோகிறது. குழி பறிப்பது முதல் காம்பு நீக்குவது வரை கையால் செய்ய வேண்டியிருக்கிறது. ஸிபிப்போவை உண்பதற்கான உலர்திராட்சையாகக் கப்பலேற்றிவந்த வாணிகம், விதையற்ற மலிவான இனங்கள் சந்தைக்கு வந்தபின் சரிந்தது. இளையோர் நிலத்தைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். படிக்கட்டு வயல்கள் பலவற்றில் இன்று புதர் மண்டியிருக்கிறது. கவனிப்பாரற்ற ஒரு கற்சுவர் சரிந்தால் அது தாங்கிய மண்ணும் மழையோடு கடலுக்குப் போய்விடும் என்பதால், இங்கே கைவிடப்பட்ட வயலை மீட்பது புதிய வயலை உண்டாக்குவதைவிடக் கடினம். எனவே, எஞ்சிய வயல்களின் பாஸிட்டோவுக்குக் கேட்கப்படும் விலை நியாயமானது. அதில் பெரும்பங்கு, மண்டியிட்டுக் குழியைச் சீர்செய்யும் உழவரின் கூலி.